அண்ணன் படிக்காமல் விட்டவை

“ஜன்னலைச் சாத்து. காத்து வருது” என்றார் அண்ணன்.

காற்று ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் அவள் மடியிலிருந்த லேப்டாப்பைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சாத்தினாள். வாழ்நாள் முழுக்க டேபிள் டென்னிஸ் ஆடியவருக்கு ஜன்னல் திறந்திருந்தால் பொறுக்காது. லேசான காற்றுக்கும் பந்து திசை மாறிவிடும் என்பதால், கிளப்புக்கு முதலில் வருகிறவர் ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் மட்டையையே கையில் எடுப்பார். இங்கே பந்தும் இல்லை, மேசையும் இல்லை. அண்ணனின் கையில் இருந்தவை அவளுடைய புது நாவலின் கடைசி அத்தியாயத் தாள்கள்.

“எங்க விட்டேன்?”

“அவ கத்திரிய எடுத்து வைக்கிறா.”

“ம்.” கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஒரு வாக்கியம். பிறகு மூச்சு. இன்னொரு வாக்கியம். பிறகு இன்னும் நீளமான மூச்சு. அவள் கேட்டதைத் தட்டிவிட்டு, விரல்களைக் கீபோர்டின் மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இதயம் இதற்கு மேல் ஒத்துழைக்காது, வீட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்ததும் அண்ணன் சொன்ன முதல் பேச்சு, “அப்ப அந்த அத்தியாயத்த முடிச்சிடலாம், கொண்டா” என்பதுதான்.

அவர்கள் வேலை செய்கிற முறை அப்படி. அவள் கையால்தான் எழுதுவாள்; அதுவும் காலையில் ஆடிவிட்டு வந்த சூட்டோடு. மட்டை பிடித்த கை உடனே பேனா பிடித்தால் எழுத்து எப்படி இருக்கும்? கோழிக் கிறுக்கல் தோற்றது. மறுநாள் பார்த்தால் அவளுக்கே பாதி புரியாது. அண்ணனுக்கு மட்டும் அது தண்ணீர் பட்ட பாடு. மருந்துக்கடை வைத்திருந்தவர். “டாக்டருங்க எழுதினதையே படிச்சு, ஒருத்தரையும் கொல்லாம கடைய மூடினவன் நான். உன் எழுத்து எந்த மூலைக்கு?” என்பார். அவர் சத்தமாகப் படிக்க, அவள் தட்டுவாள். அவளுடைய எல்லா நாவல்களும் அவர் வாய் வழியாகத்தான் அச்சுக்குப் போயின.

இதில் ஒரு சங்கதி உண்டு. அண்ணன் எல்லாவற்றையும் படிக்கமாட்டார்.

முதல் நாவலுக்கு மெய்ப்பு பார்க்கும்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது. கதாநாயகன் வீட்டைவிட்டுப் போகும் இடத்தில் அவள் உருகி உருகி எழுதியிருந்த மழை முழுவதையும் காணோம். கையெழுத்துத் தாளில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெய்ப்பில் ஒரு தூறல்கூட இல்லை. படித்துக்கொண்டு வந்த அண்ணன் அலுங்காமல் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். குரலில் இடைவெளியே இல்லாததால் அவளும் தட்டிக்கொண்டே போயிருக்கிறாள். மறுநாள் காலை கிளப்புக்கு அவள் சண்டை போடத்தான் போனாள். ஆட்டத்தின் நடுவே அவள் அடித்த பந்து மேசையைத் தாண்டிப் பறந்தது. போச்சு என்று அவள் மட்டையைத் தொடையில் தட்டிக்கொண்டபோது அண்ணன், “நில்லு. விளிம்புல பட்டுச்சு. பாயிண்ட் உனக்கு” என்றார். வேறு யாரும் பார்க்கவில்லை. பந்து விளிம்பில் உரசினால் அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் இருந்தால் கேட்க நாதியில்லை. அப்படிப்பட்ட மனிதரிடம் போய், என் மழையைத் திருடினாயா என்று எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்து மழை இல்லாத அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தாள். கதாநாயகன் கதவைத் திறந்தான், போனான். அவளால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. மழை இருந்தபோது அப்படி நின்றதில்லை.

அன்றிலிருந்து அவள் அதைப்பற்றிக் கேட்கவே இல்லை. கேட்டால் நிறுத்திவிடுவார் என்ற பயம். ஆட்டத்தில் அத்தனை யோக்கியர், வாசிப்பில் பட்டப்பகல் திருடர். திருட்டுக் கொடுத்தவளும் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்குவதுபோல நடித்தாள். சொல்லாமல் விடுவதில் இவருக்கு நிகரில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். படிக்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக வரும். ஒரே ஒரு முறை நல்ல வரி ஒன்றையும் அவர் தாண்டிவிட்டார். அவள் சத்தம் காட்டாமல் அதை மெய்ப்பில் திரும்பச் சேர்த்தாள். புத்தகம் வந்ததும் அண்ணன் முழுவதும் படித்துவிட்டு, அட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இந்த நாவல் ஒரு தையற்காரியைப் பற்றியது. துணி வெட்டும்போது மறுமுனையைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வருவார். கதை முழுக்க அவருக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை. கடைசித் தாளில், அவர் போய்ச்சேர்ந்த பிறகு, தையற்காரி அவருக்கு நன்றி சொல்கிறாள். இரண்டே வரி. அண்ணனிடம் நேருக்கு நேர் சொல்ல வாய் வராத கோழைத்தனத்தில் அவள் எழுதிய வரிகள் அவை. அதை அவர் வாயாலேயே படித்துவிட வேண்டும். படித்தால் சொன்னதாக ஆகிவிடும். தாண்டினாலும் பாதகமில்லை, பார்த்துவிட்டுத்தானே தாண்டுவார். அந்தத் தாள் வரைக்கும் அவருக்கு மூச்சு இருந்தால் போதும் என்று அவள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணி பாலும் மாத்திரையுமாக வந்தார்.

“இத வித்தவன்கிட்டயே கொண்டு வர்றியே” என்றார் அண்ணன். “இதோட லட்சணம் எனக்குத் தெரியாதா?”

“வித்தப்ப ஊரையே முழுங்கச் சொன்னீங்கல்ல. இப்ப நீங்க முழுங்குங்க” என்று அண்ணி மாத்திரையை அவர் நாக்கில் வைத்தார்.

அண்ணன் விழுங்கிவிட்டு மறுபடி தாளை எடுத்தார். நாலு வாக்கியம் போனது. பிறகு அவர் கண்கள் தாளின் நடுவிலிருந்து சட்டென்று அடிக்கு இறங்கியதை அவள் பார்த்தாள். பாதித் தாள் போயிற்று. பழைய திருட்டா, இல்லை மூச்சு போதவில்லையா? இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது.

“போதும். மீதி நாளைக்கு” என்றார் அண்ணன்.

மீதி இருந்தது ஒரே தாள். அதை அவர் கவிழ்த்து மற்றவற்றின் மேல் வைத்தார்.

“அண்ணா.”

“என்ன?”

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். “தலகாணி சரியா இருக்கா?”

“அதுக்கென்ன, தேமேன்னு கெடக்கு. மணியாச்சு பாரு. சுவரு காத்துட்டிருப்பான். போய் ஆடிட்டு வா.”

“இன்னைக்கு வேண்டாம். உன்கூட இருக்கேன்.”

“இருந்து? என் மூச்ச எண்ணப் போறியா? போ. நீ ஆடாத அன்னைக்கு எழுதினது எதுன்னு எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம்கூட நாற்காலிய விட்டு எந்திரிக்காது.”

அவள் சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கட்டைவிரல் அடியில் மட்டை உரசி உரசிக் காய்த்த இடம் இன்னும் மெத்தென்று ஆகவில்லை. அவள் கிளம்பும்போது அவர் கண்ணை மூடியிருந்தார்.

சுவர் என்பது பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரின் பட்டப்பெயர். எந்தப் பந்தை எப்படி அடித்தாலும் அது திரும்பி வந்துவிடும் என்பதால் கிளப்பில் வைத்தது. கோபமாக அடித்தாலும் வரும், குழைந்து அடித்தாலும் வரும். அவருடைய சொந்தப் பெயரை அவர் வீட்டிலாவது கூப்பிடுகிறார்களா என்பது கிளப்பில் பலருக்குச் சந்தேகம்.

“எப்படி இருக்காரு?”

“ஜன்னலச் சாத்தச் சொன்னாரு.”

“அப்ப நல்லாத்தான் இருக்காரு. சர்வீஸ் போடுங்க, எழுத்தாளரம்மா.”

ஆடினார்கள். நடுவில் லேசாகத் தொய்ந்த வலை, ஒரு கால் ஆடுகிற பெஞ்சு, கண்ணைக் கூசும் குழல்விளக்கு. போன வருடம் வரை எதிர்ப்பக்கம் அண்ணன் நின்றார். பிறகு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பாயிண்ட் சொன்னார். பிறகு படுக்கை.

எழுத்தைப்பற்றி அவளுக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி இந்த மேசையில் கற்றது. ஜெயித்தே தீர வேண்டும் என்று ஓங்கி அடிக்கிற பந்து வலையில்தான் விழும். அசத்திவிட வேண்டும் என்று எழுதுகிற வரிக்கும் அதே கதி. நாவல் எங்கிருந்து வருகிறது என்று பேட்டிகளில் கேட்பார்கள். பெஞ்சுக்கு அடியிலிருந்து என்று சொன்னால் நம்புவார்களா? உருண்டுபோன பந்தைத் தேடி அவள் குனிந்து, தலையைப் பெஞ்சுக்கு அடியில் நுழைத்திருக்கும்போதுதான், நாள் கணக்கில் இறுகிக் கிடந்த முடிச்சு அவிழும். கதாநாயகி ஏன் கோபப்பட்டாள் என்பது தெரியும். “பந்து கெடச்சுதா, கத கெடச்சுதா?” என்று அண்ணன் அங்கிருந்து குரல் கொடுப்பார்.

படிப்பும் அவர் வழியாக வந்ததுதான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நூலகப் புத்தகங்களை அவர் தின்றுகொண்டிருப்பார். முடித்ததும் அவளிடம் தள்ளிவிடுவார். எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அவள் படித்துவிட்டு வந்து எதையாவது சொன்னால்தான் அவரும் சொல்வார். எதிர்ப்பக்கம் ஆள் நின்றால்தானே பந்து திரும்பி வரும்? தனக்கு வாய்த்த மாதிரி ஒரு ஆள் எத்தனை பேருக்கு வாய்த்திருப்பார் என்று நினைத்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்து, கை தானாக லேசாகி, சுவரே ஒரு பந்தை விட்டுவிட்டார்.

அடுத்த பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது பெஞ்சின் மேல் போன் அடித்தது. எந்தப் பந்தையும் சாகவிடாத மனிதர், வந்த பந்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டார்.

“எடுங்க” என்றார்.

“தூங்கிட்டிருக்காருன்னு நெனச்சேம்மா” என்றார் அண்ணி. அவள் வாசலை நோக்கி நடந்தாள்.

விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்ற குத்தல் வரும் என்று அவள் காத்திருந்தாள். ஆட்டோவில் பாதி வழி போகும்வரை வரவில்லை. அவர்தானே போகச் சொன்னார். கையில் மட்டையோடேயே வந்துவிட்டதை வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் பார்த்தாள். சொல்லாமல் விட்டது மட்டும்தான் முள்ளாக நின்றது.

அண்ணனைப் பார்க்க நிறையப் பேர் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் பத்தாமல் பக்கத்து வீடுகளிலிருந்து வாங்கிவந்து போட்டார்கள். மருந்துக்கடைக்காரர்கள் ஒருபக்கம், கிளப்காரர்கள் ஒருபக்கம், புத்தகக்காரர்கள் ஒருபக்கம். ஒருத்தருக்கு மற்றவரைத் தெரியாது. ஒவ்வொரு கூட்டமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தது. “ராத்திரி கதவத் தட்டினாலும் மருந்து எடுத்துக் குடுப்பாரு” என்றார் ஒரு கிழவர். “தோத்தா கூட கைகுடுத்துட்டுத்தான் போவாரு” என்றார் சுவர். பதிப்பாளர் அவள் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த அத்தியாயத்துக்கு அவசரமே இல்ல மேடம். எப்ப வேணும்னாலும் குடுங்க. இந்த மாசத்துக்குள்ள வந்தா போதும்” என்றார்.

வண்டி வருவதற்குமுன் யாரோ அவளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எழுத்தாளர் அல்லவா. அவள் எழுந்து நின்றாள். “எங்க அண்ணன் நல்லாப் படிப்பார்” என்றாள். உட்கார்ந்துவிட்டாள். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் இருந்திருந்தால் அந்த ‘நல்லா’வையும் தாண்டியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து, காலை வேளையில், அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். தாள்களை எடுத்துக்கொண்டுபோய், பூதக்கண்ணாடி வைத்தாவது தானே படித்து அடித்துவிடலாம் என்ற எண்ணம். கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தது. அலமாரியில் மருந்துப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. தாள்கள் அவர் வைத்த வாக்கிலேயே, கடைசித் தாள் மேலே கவிழ்ந்தபடி இருந்தன. அவள் அவற்றை எடுத்து லேப்டாப் பையில் வைக்கப் போனாள்.

“எங்க எடுத்துட்டுப் போற?” அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்த அண்ணி, கட்டிலோரத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “அந்த மெஷின எடு. நான் படிக்கிறேன், நீ அடி.”

“உங்களுக்கு என் எழுத்து புரியாது அண்ணி. எனக்கே புரியல.”

அண்ணி தாள்களை வாங்கி, அடியிலிருந்து ஒன்றை உருவினார். விரலை வரியின் அடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒரு சொல்கூடத் தடுக்காமல் இரண்டு வாக்கியம் படித்தார். அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாரு” என்றார் அண்ணி. “மத்தியானம் ஆனா பாடம்தான். உன் பழைய தாளெல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு, இது என்ன சொல்லு, அது என்ன சொல்லுன்னு. பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு திட்டு வாங்கல. சமையல் வேற கெடக்கு, இவருக்கு டீச்சர் வேலைல ஆசை.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே.”

“நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர்கிட்ட ஒருத்தர் என்னத்தச் சொல்லியிருக்கீங்க?” அண்ணி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. நான் எதையும் விடாமப் படிக்கணுமாம், கமாவக்கூட விடக்கூடாதாம். அவரு அங்கங்க விட்டு விட்டுத்தான் படிப்பாராமே? அது உனக்குத் தெரியும்ங்கறது அவருக்கும் தெரியுமாம். என்னமோ ஒரு வரிய நீயே திரும்பச் சேத்துட்டியாம், அப்பவே கண்டுபிடிச்சுட்டாராம். இனிமே விடறது உன் வேலையாம். அதச் சொல்லச் சொன்னாரு.”

அவளுக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்துவிட்டதால் எதை அடக்குவது என்று தெரியவில்லை. திருடனுக்கும் தெரியும், வீட்டுக்காரிக்கும் தெரியும். இருவரும் இத்தனை வருடம் ஒருவர் மற்றவர் தூக்கத்தைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போகும்போது சாவியையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணி அவள் முதுகைத் தட்டவில்லை, தண்ணீர் கொண்டுவரவும் இல்லை. தாளைப் பிடித்தபடி அவள் முடிப்பதற்காகக் காத்திருந்தார்.

“அப்ப கடைசித் தாளும் படிச்சுட்டீங்களா?” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“இல்ல. அத மட்டும் எங்கிட்ட குடுக்கல. தெனமும் நீ போனப்புறம் அவரேதான் எடுத்து எடுத்துப் படிச்சாரு. மாத்திரை குடுக்கப் போனா கவுத்து வச்சுடுவாரு.”

ஆக, பார்த்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

அண்ணன் தாண்டிய பாதித் தாளிலிருந்து அண்ணி தொடங்கினார். அதில் சாயங்கால வெளிச்சம் தையல் அறைக்குள் வந்து, ஊசிப்பெட்டிமேல் விழுந்து, நூல்கண்டுகளில் தங்கி, கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இன்னும் எங்கெங்கோ போய்க்கொண்டே இருந்தது. அண்ணி பொறுமையாக வெளிச்சத்தின் பின்னால் போனார். கேட்கக் கேட்க அவளுக்கு உதட்டோரம் துடித்தது. மூச்சு போதாமல் அல்ல. பழைய திருட்டேதான். கடைசி நாளிலும் கைவரிசை பிசகவில்லை.

“இது வேண்டாம் அண்ணி. அடுத்த தாள் எடுங்க.”

அண்ணி கடைசித் தாளைத் திருப்பினார். இது அவருக்குப் புதிது என்பதால் இன்னும் நிதானமாகப் படித்தார்.

“‘மேசைமேல் துணியை விரித்தாள். மறுமுனை கீழே நழுவியது. இழுத்துவிட்டாள். மறுபடியும் நழுவியது. இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் பாரமாக வைத்துவிட்டுக் கத்திரியை எடுத்தாள்.’”

அவள் தட்டினாள். இரண்டு வீடு தள்ளி யாரோ வண்டியைக் கிளப்பினார்கள்.

“‘நீங்கள் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் என் கத்திரி ஒருநாளும் நேராகப் போயிருக்காது. இதை உங்களிடம் சொல்லாமலேயே இருந்துவிட்டேன்.’”

அண்ணி நிறுத்தினார். கீபோர்டில் சத்தம் இல்லை.

“ரெண்டு வரி படிச்சேனே. அடிக்கலையா?”

“கேட்டுச்சு அண்ணி. மேல படிங்க.”

அண்ணி அவளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அந்த இரண்டு வரிகளின் மேலும் விரலைச் சொல் சொல்லாக நகர்த்திக்கொண்டுபோய், அடுத்த பத்திக்கு இறக்கினார்.